அவரிடம் மிஞ்சிய ‘நோ’

மார்ச் 4

இன்று வந்தது ஒரு பல்செட். மேல்வரிசை மட்டும். ஏழாவது பிளாட்பாரத்துப் பெஞ்சில் கிடந்ததாம், கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றி. இந்த வெளிநாட்டு ரயில் நிலையத்தின் தொலைந்த பொருள் அறையில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு எதுவும் புதிதில்லைதான். குடைகள், ஒற்றைக் கையுறைகள், ஒரு தடவை ஆள் உயரத்துக்கு ஒரு கரடி பொம்மை. ஆனாலும் பல்லைக் கழற்றி வைத்துவிட்டு ரயிலேற என்ன அவசரம்? பக்கத்து மேசைக்காரி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். “மாமியாரோடதா இருக்கும். மருமகன் கழட்டி வச்சிருப்பான்.”

சிரித்துவிட்டேன். அப்புறம் ஏன் சிரித்தோம் என்று இருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. அவரைப் பயிற்சி வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜன்னலோரக் கட்டில். பக்கவாதத்தில் விழுந்த வலது கையும் காலும் விழுந்தபடியேதான். பேச்சும் அப்படியே. வாயில் மிஞ்சியிருப்பது ஒரே சொல். தண்ணீர் கொடுக்க நிமிர்த்தினாலும் ‘நோ’. சட்டை மாற்றினாலும் ‘நோ’. நான் கிட்டே போய் உட்கார்ந்தாலும் அதுதான்.

மார்ச் 6

என் புருஷனை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீட்டுக்குள் யாராவது இங்கிலீஷ் வார்த்தை பேசினால், “அதை வாசல்ல செருப்போட விட்டுட்டு வா” என்பார். அப்பேர்ப்பட்டவருக்கு மொத்தப் பேச்சும் போய் மிஞ்சியது இங்கிலீஷ். அதிலும் பார்த்துப் பொறுக்கியது போல ‘வேண்டாம்’.

மார்ச் 9

டாக்டரைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். நல்ல பெண். நம் மொழி தெரியாது. அவளும் நானும் இரவல் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்கிறோம். பேச்சு போனவர்களில் சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் நின்றுவிடுமாம். எதைக் கேட்டாலும் அதுதான் வருமாம். “அதுக்கு அர்த்தம் இருந்தே ஆகணும்னு இல்லைங்க. இருக்கவும் இருக்கலாம்.”

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதற்கு எதற்கு டாக்டர்? இதை நானே சொல்லிக்கொண்டிருக்கிறேனே.

மார்ச் 15

அவர் லிஃப்ட் மெக்கானிக். ரிப்பேர் பார்ப்பதில் கெட்டிக்காரரா என்று எனக்குத் தெரியாது. பேச்சில் கெட்டிக்காரர். லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், கருவியைத் தொடுவதற்கு முன்னால் கதவில் வாயை வைத்துப் பேச ஆரம்பித்துவிடுவார். பேர் என்ன, சாப்பிட்டாச்சா, உள்ளே லைட் எரியுதா, பயப்படாதீங்க நான் இங்கதான் நிக்கிறேன் என்று கதவு திறக்கும் வரை ஓயாது. “திறக்க நேரமானாலும் பரவாயில்ல. வெளியில ஆள் இருக்குன்னு உள்ள இருக்கறவனுக்குத் தெரியணும்” என்பார். வீட்டிலும் அப்படித்தான். நான் குளியலறைக் கதவைச் சாத்தினாலும் வெளியில் நின்று பேசுவார். “ஐயோ, கொஞ்சம் வாயை மூடுங்களேன்” என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்.

இன்று அவருடைய வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். “ஏங்க, என்னைத் தெரியுதா?”

“நோ.”

கையை மெதுவாகத் திருப்பிப் படுக்கையில் வைத்துவிட்டேன்.

மார்ச் 16

அர்த்தம் இருந்தே ஆகணும்னு இல்லை. அர்த்தம் இருந்தே ஆகணும்னு இல்லை.

மார்ச் 24

நர்ஸ் சொன்னாள்: “உங்க வீட்டுக்காரர் எதுக்கும் ஒத்துக்க மாட்டேங்கிறாரு. மாத்திரை கொடுக்கத் தூக்கினா வேணாங்கிறாரு. சாப்பாடு வேணாங்கிறாரு. நாங்க பலவந்தப்படுத்தக் கூடாதில்லையா?” கூடாதுதான். மரியாதையாகத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவருக்குக் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை.

நான் ஊட்டினால் கொஞ்சம் உள்ளே போகிறது. ‘நோ’ சொல்லிக்கொண்டேதான் வாயைத் திறக்கிறார். இது என்ன மறுப்பு?

ஏப்ரல் 2

இன்றைய கூத்தை எழுதியே ஆக வேண்டும். ஜப்பான்காரர் ஒருவர் வந்தார், எழுபது வயதிருக்கும். மர அடுக்கில் இருந்த கறுப்புக் குடையைக் காட்டி, நெஞ்சைத் தொட்டுக்கொண்டு “வதாஷி நோ” என்றார். எனக்குக் காதில் விழுந்தது அந்த ‘நோ’தான். சரி, இது இல்லை போலிருக்கிறது என்று குடையைத் திருப்பி அடுக்கில் செருகினேன். மறுபடி நெஞ்சைத் தொட்டார், “வதாஷி நோ!” அடுத்த குடையைக் காட்டினேன். பாவம், கண் கலங்கிவிட்டது. அப்புறம் கைபேசியில் பேசி அதை மொழிபெயர்க்க வைத்து என்னிடம் நீட்டினார். ‘என்னுடையது.’ அவர்கள் மொழியில் ‘நோ’ என்றால் நம் ‘உடைய’.

பக்கத்து மேசைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் போலந்துக்காரி. தினமும் மத்தியானம் அவள் அம்மாவுடன் போனில் ‘நோ... நோ... நோ...’ என்று மல்லுக்கட்டுவாள். தாயும் மகளும் எதற்கு இப்படி ஜென்மப் பகையாக இருக்கிறார்கள் என்று நான் வருடக்கணக்காக வருத்தப்பட்டிருக்கிறேன். “சண்டையா? எங்க அம்மா சொல்றதுக்கெல்லாம் ஆமாம் போடறேன். பேச்சுவாக்கில எங்களுக்கு ‘நோ’ன்னா ‘ம், ஆமா’ மாதிரி” என்றாள்.

அடிப்பாவி. இத்தனை வருடமும் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தாளா!

டீ வேண்டுமா என்று கேட்டாள். “நோ” என்றேன், அவள் மொழியில். டீ வந்தது. இனிமேல் எங்களுக்குள் அப்படித்தான் என்று முடிவாகிவிட்டது.

ஏப்ரல் 3

நேற்றிலிருந்து எனக்கொரு பைத்தியம் பிடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். “ஏங்க, வீட்டுக்குப் போகலாமா?” “நோ.” போலந்தில் இது ஆமாம். “நான் யாரு?” “நோ.” ஜப்பானில் ‘உடைய’. எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு மொழியில் என்னை வேண்டாம் என்கிறார், இன்னொன்றில் வேண்டும் என்கிறார், மூன்றாவதில் நான் அவருடையவள். எனக்குப் பிடித்ததை நான் எடுத்துக்கொள்ளலாம், விலை ஒன்றுதான்.

பயிற்சி கொடுக்கிற தடியன் வந்து அவருடைய அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்தினான். அவர் போட்ட ‘நோ’வில் வார்டே திரும்பிப் பார்த்தது. முகமெல்லாம் கண்ணீர். அதில் ‘ஆமாம்’ இல்லை. ‘உடைய’வும் இல்லை. என் பைத்தியம் அங்கேயே தெளிந்தது.

ஏப்ரல் 9

இன்று என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார்கள். டாக்டர், நர்ஸ், அந்தத் தடியன். பேஷண்ட் ஒத்துழைக்காவிட்டால் பயிற்சி வார்டில் வைத்திருக்க முடியாதாம். காத்திருக்கிறவர்கள் நிறையப் பேராம். முதல் சில மாதங்களில் வருவதுதான் வருமாம், அப்புறம் பெரிதாக எதிர்பார்க்க முடியாதாம். இங்கிருந்து அனுப்பினால் அடுத்தது நெடுநாள் பராமரிப்பு இல்லம். அங்கே பார்த்துக்கொள்வார்கள், நடக்க வைக்க மாட்டார்கள்.

டாக்டர் கேட்டாள்: “வலி ஏதாவது இருக்கா? அவரோட மொழியில நீங்களே கேட்டுப் பாருங்களேன்.”

கேட்டேன். எல்லோரும் சுற்றி நிற்க, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, குழந்தையிடம் கேட்பது போல் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். “எங்கயாவது வலிக்குதாங்க?”

“நோ” என்றார். என்னையே பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று தடவை சொன்னார். “நோ. நோ.”

“வலி இல்லைன்னு சொல்றார்” என்று நான்தான் மொழிபெயர்த்தேன்.

ஏப்ரல் 10

இன்று போகவில்லை. தலைவலி என்று சொல்லிக்கொண்டேன். தலை வலிக்கவே இல்லை.

ஏப்ரல் 17

முடிந்தது. அவருடைய இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இல்லத்தில் கட்டில் காலியாகும் வரை பொது வார்டில் இருப்பார். அந்தத் தடியனுக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது?

இத்தனை வருடம் கூட வாழ்ந்துவிட்டு ஒரு மனுஷன் கடைசியா சொல்றது ‘வேணாம்’னா, அது சும்மா வாயில வர்றதுன்னு எத்தனை நாளைக்கு நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கிறது? தொட்டா வேணாம். பக்கத்துல உக்காந்தா வேணாம். சரி. வேணாம்னா வேணாம். நான் தள்ளியே உக்காந்துக்கறேன்.

ஏப்ரல் 20

இதை உடனே எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் நாத்தனார் போன் செய்தாள். அவருடைய ஒரே தங்கை. பேரன் எடுத்தும் அவருக்கு அவள் இன்னும் ‘பாப்பா’தான். இத்தனை நாளும் அண்ணன் குரலைக் கேட்கத் தைரியம் இல்லை என்று அழுது தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவள், இன்று போனை அவர் காதில் வைக்கச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையில் வைத்தேன். அதே நேரம் பொது வார்டு நர்ஸ் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வலது கையைப் பிடித்து இழுத்தாள்.

“நோ... நோ...”

“ஐயோ அண்ணி,” என்றது தலையணை. “அண்ணனுக்கு எங்க நோவுதாம்?”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. “என்னது?” என்றேன்.

“நோவுதுன்னுதானே அழறாரு? எங்க வீட்டுல யாருக்கு அடிபட்டாலும் ‘நோ, நோ’ன்னுதானே கத்துவோம். முழுசா ‘நோவுது’ன்னு சொல்லக்கூட வாய் வராது. எங்க நோவுதுன்னு கேளுங்க அண்ணி!”

எங்கள் வீட்டில் எப்போதும் ‘வலிக்குது’தான். கல்யாணமான புதிதில் அவர் ‘நோவுது’ என்பார். அப்புறம் என் பேச்சு அவருக்குத் தொற்றிக்கொண்டது. அந்தச் சொல் அவரிடம் இருந்ததையே நான் மறந்துபோனேன். அவருடைய மூளை மறக்கவில்லை. எல்லாவற்றையும் இழந்து அடியில் இருந்த அதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறது.

அவர் பக்கம் குனிந்தேன். “எங்கங்க நோவுது?”

என்னைப் பார்த்தார். இடது கை மெல்ல எழுந்தது. நெஞ்சைத் தாண்டிப் போய் வலது தோளில் உட்கார்ந்தது.

நான் ‘வலிக்குதா’ன்னு கேட்டேன். அவர் ‘நோவுது’ன்னு பதில் சொன்னாரு. நான் ‘இல்லை’ன்னு மாத்திச் சொன்னேன். ஆமாம்னு சொன்ன மனுஷனை... நான்தானே...

ஏப்ரல் 21

தோள் எலும்பு குழியிலிருந்து கீழே இறங்கியிருக்கிறதாம். விழுந்த கையைத் தூக்கித் தூக்கி இழுத்ததில் வந்தது. தொட்டாலே உயிர் போகிற வலியாக இருந்திருக்கும் என்றாள் டாக்டர். தலை குனிந்துகொண்டாள். நானும் குனிந்துகொண்டேன்.

மறுபடி பயிற்சி வார்டுக்கு எழுதுகிறேன் என்றிருக்கிறாள். “ஆனா நம்பி இருக்காதீங்க.”

ஏப்ரல் 30

ஊசி போட்டார்கள். கையைத் துணித் தூளியில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். இன்று சட்டை மாற்றும்போது சத்தமே இல்லை. இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார். நாத்தனாருக்குச் சொன்னேன். போனிலேயே ஓவென்று அழுதாள்.

மே 8

சத்தமே இல்லை.

‘நோ’ போய்விட்டது. வலி குறையக் குறைய அது சின்னதாகி, முந்தாநாள் ஒரு முறை முணுமுணுப்பாக வந்து, நேற்றிலிருந்து இல்லை. நல்ல செய்திதான். எல்லோரும் நல்ல செய்தி என்கிறார்கள். வேறு சொல் எதுவும் அதன் இடத்துக்கு வரவில்லை. “என்னைத் தெரியுதா?” என்று இன்று நல்ல கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஜன்னலைப் பார்த்தார். கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

அந்த ஒரு சொல்லையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. என்ன பெண்பிள்ளை நான்? அவருக்கு வலி வேண்டும் என்றா கேட்கிறேன்?

மே 19

இல்லத்துக்கு மாற்றியாயிற்று. பயிற்சி வார்டிலிருந்து பதில் வந்தது: காலம் கடந்துவிட்டது, இனிப் பலன் இருக்காது. டாக்டரே போன் செய்து சொன்னாள்.

இல்லத்தின் லிஃப்ட் இரண்டாம் மாடியில் ஒரு குலுங்கு குலுங்கி நின்று அப்புறம்தான் கதவைத் திறக்கிறது. சக்கர நாற்காலியில் அவர், பின்னால் நான். அந்த ஒரு கணத்தில் நான் அவரிடம் பேசியிருக்க வேண்டும். பேர் என்ன, சாப்பிட்டாச்சா, நான் இங்கதான் நிக்கிறேன். வாயே வரவில்லை.

மே 27

போனேன். ஷேவ் செய்துவிட்டேன். வந்தேன்.

ஜூன் 3

அந்தப் பல்செட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை. வைத்திருக்கும் கெடு முடிந்ததால் அப்புறப்படுத்தச் சொன்னார்கள். அது இருந்த இழுப்பறை எப்போதும் மக்கர் செய்யும். இழுத்து மூடும்போது நடுவிரல் உள்ளே நசுங்கிவிட்டது. சரியாக அந்த நேரம் பக்கத்து மேசைக்காரி கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள்: “வீட்டுக்காரர் எப்படி? இப்ப தேவலையா?”

“நோ...” என்றேன். மீதிச் சொல் வாயிலேயே நின்றுவிட்டது.

அவள் முகமெல்லாம் மலர்ந்தது. “அப்பாடா, ரொம்பச் சந்தோஷம்” என்று என் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் திருத்தவில்லை. விரல் இன்னும் நோகிறது.