மாமி எடுக்காத ஆலாத்தி

சுன்னாகம்,
புரட்டாதி 20

அன்புள்ள மகன் கீர்த்திகனுக்கு,

இங்கு நாங்கள் எல்லோரும் நலம். உன் நலத்தைப் பற்றித்தான் போன செவ்வாய்க்கிழமை ஒழுங்கையில் இருக்கும் அத்தனை வீடும் அறிந்துகொண்டது. அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்று தொடங்கும் குரல் செய்தியை, காது மந்தமான உன் ஐயாவுக்கு அனுப்பிய கெட்டித்தனத்தை என்னவென்பது. மனுசன் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து முற்றத்தில் நின்று, போனின் சத்தத்தை முழுதாகக் கூட்டி மூன்று தரம் கேட்டார். நான்காம் தரம் தேவைப்படவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற நமசிவாயம் அண்ணை விளங்கப்படுத்தினார். பெடியனுக்கு விதைப்பையிலை நரம்பு வீங்கியிருக்காம், அதாலைதான் இவ்வளவு நாளும் பிள்ளை இல்லையாம், சின்ன ஒப்பரேசனாம் என்றார். அதனால்தான் இதைக் கடதாசியில் எழுதுகிறேன். கடதாசி கத்தாது.

நோய்க்கு நான் உன்னைக் குறை சொல்லவில்லை. ஐயாவின் காலில் சுருண்டு கிடக்கும் நரம்பை யாரும் பழித்ததில்லை, உனக்கு இடம் மாறி வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் டொக்டர் உங்கள் இருவருக்கும் சொன்னது சித்திரையில் என்று நீயே அந்தக் குரல் செய்தியில் சொல்லியிருக்கிறாய். ஆவணியில் உன் அக்காவின் மகள் மதுரா பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு வந்து நின்றாய். தாய்மாமன் பெண்சாதி என்று முறைப்படி ஆலாத்தி எடுக்க எழும்பினாள் சிவகௌரி. பெரியம்மா என் காதுக்குள், பிள்ளை பெறாதவள் எடுக்கக்கூடாது, வேறை ஆரையும் விடு என்று சொல்ல, பெரிய ஞானி நான், தட்டை அவள் கையிலிருந்து வாங்கினேன். எல்லாம் தெரிந்திருந்தும் அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒருதரம் உன்னைப் பார்த்தாள். நீ பயற்றம் பணியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பணியாரம் நன்றாகத்தான் இருந்தது. ஆறு வருடம் கந்தசட்டி விரதம் பிடித்து மெலிந்தது அவள், நரம்பு உனக்கு. முருகனும் யாருக்கு வரம் கொடுப்பதென்று குழம்பியிருப்பார்.

ஒப்பரேசனைத் தள்ளிப்போடாதே. பலன் தெரிய மாதக்கணக்காகுமாம், சிலருக்குச் சரிவராமலும் போகுமாம். சரிவராவிட்டாலும் நீ எனக்கு மகன்தான், அவள் எனக்கு மருமகள்தான். சூடு கூடாதாம், லப்டொப்பை மடியிலிருந்து இறக்கி மேசையில் வை, மேசைக்கு ஒன்றும் ஆகாது. தையில் உன் தங்கச்சி நிவேதனாவின் கலியாணத்தில் முதல் ஆலாத்தி சிவகௌரிதான் எடுப்பாள். ஏன் என்று கேட்ட பெரியம்மாவிடம், குறை என்ரை மகனிலை, அவளிலை இல்லை என்று சொல்லிவிட்டேன். உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும், அவளுக்கு ஆறு வருடம் இருந்தது.

நல்லூரான் உங்கள் இருவருக்கும் துணை நிற்கட்டும். ஐயாவுக்கு இனிமேல் எழுத்திலேயே செய்தி அனுப்பு. இதற்குள் ஒட்டி வைத்திருக்கும் சின்னக் கடிதம் சிவகௌரிக்கு, நீ பிரிக்காதே. தட்டை வாங்கிய கையால் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். அவள் பதில் போடாவிட்டால் வற்புறுத்தாதே, எனக்கு அது நல்லாய் வேணும்.

இப்படிக்கு,
உன் அம்மா
குணலட்சுமி