கையெழுத்து இல்லாமல் நகராது

12-ஆம் தேதி, திங்கட்கிழமை
காலை மணி 6.05
நிற்கும் வண்டிகள்: 11

அன்புள்ள அண்ணனுக்கு,

மேலே உள்ள எண்ணிக்கையை இன்னொரு முறை படி. நம்மிடம் இருப்பதே பதினொன்றுதான்.

இந்நேரம் யார்டில் நின்றுகொண்டு ஒவ்வொரு வண்டியாக ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக்கொண்டிருப்பாய். எல்லாத் திரையிலும் ஒரே சிவப்பு எழுத்து வரும்: "வாரச் சோதனை செய்யப்படவில்லை. வண்டி புறப்படாது." கோளாறு எதுவும் இல்லை. நான் ஒயரைப் பிடுங்கவில்லை. டிரைவர் இல்லாமல் ஓடும் வண்டி என்றால், ஏழு நாளுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற ஒருவன் கேமரா, சென்சார், பிரேக் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நம் கம்பெனியில் அந்த ஒருவன் நான். போன திங்கள் போட்டேன், இந்தத் திங்கள் போடவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்தொன்பது டிரைவர்களுக்கும் போனில் ஒரே வரி அனுப்பினாயே, "நாளை முதல் வர வேண்டாம்" என்று. அதற்கு என் பதில் இது.

ஆறு மாதம் முன்பு கேன்டீனில் அவர்களைக் கூட்டினாய். "நான் சொன்னா முதலாளி பேச்சும்பானுங்க. நீ சொன்னா நம்புவானுங்கடா" என்று என்னை மேஜை மேல் ஏற்றிவிட்டாய். ஏறினேன். நெடுஞ்சாலையை வண்டி பார்த்துக்கொள்ளும், நகருக்குள் நீங்கள்தான் ஓட்டப் போகிறீர்கள், ஒருவருக்கும் வேலை போகாது என்று சொன்னேன். ரிவர்ஸ் அண்ணன்தான் முதலில் கை தட்டினார். பத்தொன்பது பேரில் மூத்தவர், எவ்வளவு நீள வண்டியையும் எந்தச் சந்துக்குள்ளும் பின்பக்கமாகவே கொண்டுபோய் நிறுத்துவார், அவரே கை தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள். அன்றிலிருந்து ஆறு மாதம் சீட்டில் உட்கார்ந்து வண்டிகளுக்குப் பாதை பழக்கினார்கள். பழகியதும் அவர்களைக் கழற்றிவிட்டாய். நகருக்குள் ஓட்ட ஏஜென்சிப் பையன்கள், பாதிச் சம்பளத்தில்.

என் வாயை இரவல் வாங்கிப் பொய் சொல்லியிருக்கிறாய்.

பத்தொன்பது பேரையும் திரும்ப எடு. அதே கேன்டீனில், அதே மேஜை மேல் ஏறி, "பொய் சொன்னது நான், தம்பி இல்லை" என்று சொல். அப்புறம் டூல்ஸ் பெட்டியைத் திறக்கிறேன்.

போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். அண்ணி கொண்டுவந்து தருவார்கள்.

உன் தம்பி


12-ஆம் தேதி, மதியம்

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை எனக்கு முன்னால் உன் அண்ணி படித்துவிட்டாள். மதியம் என் முன்னால் தட்டு வைத்த சத்தத்திலேயே தெரிந்தது. வீட்டை விட்டுப் போய் நீ எந்த லாட்ஜில் இருக்கிறாய் என்று கேட்டால், "கண்டுபிடிங்க, நீங்கதான் பெரிய முதலாளி ஆச்சே" என்கிறாள்.

காலையிலிருந்து டீ கூடக் குடிக்கவில்லை. மூன்று ஃப்ரீசர் வண்டியிலும் சரக்கு ஏற்றியாகிவிட்டது. சோதனைக்கு வெளியில் ஆள் கேட்டேன், மூன்று வாரம் ஆகுமாம். நீ திட்டம் போட்டுத்தான் அடித்திருக்கிறாய். சின்ன வயதிலும் நீ இப்படித்தான், அழ மாட்டாய், கடிப்பாய்.

கொஞ்சம் யோசி. எதிர்க் கம்பெனிக்காரன் டிரைவரே இல்லாமல் ஓட்டுகிறான், வாடகையைக் குறைத்துக்கொண்டே போகிறான். நான் பத்தொன்பது பேரையும் சுமந்தால், அடுத்த வருஷம் இருபதாவது ஆளாக நானும் வேலை தேடப் போக வேண்டும். உன்னை நான் பொய் சொல்லச் சொல்லவில்லை. அன்றைக்கு அப்படித்தான் நினைத்திருந்தேன். நிலைமை மாறிவிட்டது.

கோபம் ஆறியதும் வா. உன் அறை ஃபேன் கத்துகிறது என்றாயே, மாற்றிவிட்டேன்.

அன்புடன்,
அண்ணன்


13-ஆம் தேதி

அண்ணனுக்கு,

ஃபேனை மாற்றும் அளவுக்கு உனக்கு நேரம் இருந்திருக்கிறது. சந்தோஷம்.

நேற்றுச் சாயங்காலம் யார்டுக்கு எதிரில் உள்ள டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஏஜென்சிப் பையன்கள் வண்டி நிழலில் படுத்திருந்தார்கள். ஃப்ரீசர் சரக்கை எதிர்க் கம்பெனி வண்டியில் மாற்றி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீ போனை இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் மாற்றிக்கொண்டு கேட்டுக்கும் ஆபீஸுக்கும் நடந்துகொண்டிருந்தாய். எனக்கு நன்றாக இருந்தது. இன்னொரு டீ சொல்லி, அதையும் நிதானமாகக் குடித்தேன்.

அப்போது ஏஜென்சிப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. "எத்தன நாளா இங்க?" என்றேன். "சேந்தது சனிக்கிழமதான் சார். ஆனா இன்டர்வியூ ஆறு மாசத்துக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சு. ஓனரே பாத்தாரு. அந்த வாரம் கேன்டீன்ல ஏதோ கூட்டம்னு மேஜையெல்லாம் நகத்திட்டிருந்தாங்க, அதனால எங்கள வெளியவே நிக்க வச்சு கேட்டாரு" என்றான்.

நிலைமை மாறிவிட்டது என்று எழுதியிருந்தாய். எதுவும் மாறவில்லை. நான் மேஜை மேல் ஏறும்போதே உனக்குத் தெரியும். கீழே கையைக் கட்டிக்கொண்டு, முதல் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

வண்டிகள் நிற்கட்டும்.

தம்பி


14-ஆம் தேதி

அன்புத் தம்பி,

அந்தப் பையன் சொன்னது உண்மைதான். இதற்கு மேல் மழுப்பவில்லை. உன்னிடம் முன்னமே சொல்லியிருந்தால் நீ மேஜை ஏறியிருக்க மாட்டாய். நீ ஏறியிருக்காவிட்டால் அவர்கள் ஒருவரும் வண்டிக்குப் பாதை பழக்கியிருக்க மாட்டார்கள். கம்பெனி நிற்க வேண்டும் என்று செய்தேன். கம்பெனி உனக்கும்தானே.

ஏழு பேரை எடுத்துக்கொள்கிறேன். நிரந்தரம், எழுத்தில் தருகிறேன். பன்னிரண்டு பேரை முடியாது. மேஜை மேலும் ஏற மாட்டேன். முதலாளி ஒருமுறை அங்கே ஏறினால் அப்புறம் இறங்கவே விட மாட்டார்கள்.

இதை ரிவர்ஸிடம் சொல்லி உன்னிடம் அனுப்பியிருக்கிறேன், உன் லாட்ஜ் அவனுக்குத் தெரியுமாம். என் பேச்சைத்தான் கேட்க மாட்டாய், அவன் பேச்சையாவது கேள்.

அண்ணன்


16-ஆம் தேதி, காலை

ஐயா,

நேற்று மாலை ரிவர்ஸ் அண்ணன் லாட்ஜுக்கு வந்தார். கட்டிலில் உட்காரச் சொன்னேன், ஜன்னல் ஓரத்திலேயே நின்றார்.

"கையெழுத்த போட்டுடு தம்பி. ஏழு வீட்டுல அடுப்பு எரியட்டும்."

"மேஜை?" என்றேன்.

"அது உனக்குத்தான் வேணும். எங்களுக்கு எதுக்கு? உங்க அண்ணன் தம்பி சண்டையில எங்கள ஸ்டெப்னியா மாட்டாத."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "அந்த ஏழு பேர்ல நீங்க இருக்கீங்க இல்ல?" என்றேன்.

"இல்ல. சின்ன வயசுக்காரனுங்களா பாத்து எடுத்திருக்காரு."

"அப்ப உங்களுக்குக் கோபமே இல்லையா?"

"யாரு சொன்னா? வயிறு எரியுது. ஆனா மூணு வாரத்துல அவரு வேற ஆளக் கொண்டாந்துடுவாரு. அப்புறம் நீ டீக்கடையிலயே குடியிருக்க வேண்டியதுதான்." பிறகு, "அந்தச் சோதன போடுறியே, அது எத்தன மாசப் படிப்பு?" என்றார்.

"நாலு மாசம். பரீட்சை எழுதணும். வண்டி ஓட்டின அனுபவம் கட்டாயம்."

"அது முப்பது வருஷம் இருக்கு. பாஸானா உங்க அண்ணன் என்னைய கேட்டுக்கு வெளிய நிறுத்த முடியுமா?"

"நிறுத்தினா வேற ஆள் வர்ற மூணு வாரமும் வண்டியும் நிக்கும்."

சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டும்வரை இருவரும் சிரித்தோம்.

மேஜையை விட்டுவிட்டேன். நீங்கள் ஏறிச் சொன்னாலும் நம்புவதற்கு அங்கே ஆள் இல்லை. கம்பெனி எனக்கும்தான் என்று எழுதியிருந்தீர்கள். இனி வேண்டாம். வெளியாள் உங்களுக்கு எழுதினால் ஐயா என்றுதான் போடுவான், எனவே இந்தக் கடிதத்தின் தொடக்கத்தைப் பார்த்து அண்ணியிடம் கோபப்பட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
வண்டிச் சோதனையாளர்

பின்குறிப்பு: இனி நான் செய்யப் போவது:

1. இன்று பத்து மணிக்கு யார்டுக்கு வருவேன். ஏழு பேர் கையிலும் நிரந்தர உத்தரவு இருப்பதைப் பார்த்த பிறகு, பதினோரு வண்டிகளையும் சோதித்துக் கையெழுத்துப் போடுவேன்.

2. அதோடு கம்பெனியிலிருந்து விலகுகிறேன். அடுத்த திங்கள் முதல் வெளியாளாக வருவேன், வெளியாள் கூலி வாங்குவேன். வேலையைத் தவிர வேறு பேச்சுக் கிடையாது.

3. மாலை நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது வீட்டுக்கு வந்து என் துணிகளை எடுத்துக்கொள்வேன். அண்ணியையும் குழந்தையையும் பார்க்க வருவேன், அதுவும் நீங்கள் ஆபீஸில் இருக்கும்போதுதான்.

4. மீதிப் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் பரீட்சை எழுதுகிறார்கள். தினமும் மாலை இந்த அறையில் பாடம் எடுக்கிறேன். நேற்றிரவே ரிவர்ஸ் அண்ணன் மற்ற நால்வரையும் கூட்டிவந்தார், ஆரம்பித்துவிட்டோம்.

5. அவர்கள் தேறியதும் உங்கள் வண்டிகளின் வாரச் சோதனையை அவர்களிடம் ஒப்படைப்பேன். முதல் திங்கட்கிழமை ரிவர்ஸ் அண்ணன் வருவார். ஒவ்வொரு பிரேக்கையும் பொறுமையாகப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் மறுபடியும் பார்ப்பார். அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு, அவர் பேனாவை எடுக்கும்வரை நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள்.