மெஷினுக்குக் காட்டிய சாம்பிராணி

இன்று ஆய்வகத்தில் ஆயுத பூசை. பொரிகடலை படைத்து, சாம்பிராணித் தட்டை எடுத்து வருவதற்குள் நான் ஓடிப்போய், மாடியில் காற்றின் தூசியைப் பிடிக்கும் மெஷினை நிறுத்தினேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரித்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு இங்கே என்னோடு வேலை பார்த்த உன் நினைவுதான் வந்தது.

உன் மகள் சின்னப் பிள்ளையாக இருந்த அந்த வருடம் மெஷின் ரெட்டியார்பாளையத்தில் உன் வீட்டு மாடியில் இருந்தது. அங்கேதான் வைக்க வேண்டும் என்று நீ அடம்பிடித்ததற்குக் காரணம் உன் மகளின் இளைப்பு. விழுப்புரம் சாலையில் ஓடும் பஸ்ஸும் லாரியும்தான் பிள்ளையின் மூச்சைக் கெடுக்கின்றன என்று முடிவே கட்டிவிட்டாய். "ரிசல்ட் வரட்டும்டி, வீட்டை வித்துட்டு கடலோரம் பிள்ளைச்சாவடி பக்கம் போயிடறேன்" என்பாய்.

மெஷினிலிருந்து நீ கழற்றிக் கொண்டுவரும் பில்டர் தாள்கள் பார்க்க ஒரே சாம்பல் நிறம். ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தால்தான் எது எங்கிருந்து வந்தது என்று தெரியும். டீசல் கரி, சாலை மண், கடலின் உப்பு. எங்கோ தொலைவில் எரித்த நிலக்கரியின் வாயு வரும் வழியிலேயே சல்பேட் தூசியாக மாறி நம் ஊரில் இறங்கியிருக்கும். உன் கண்ணில் பட்டதோ டீசல் கரி மட்டும்தான்.

ஆயுத பூசை முடிந்து வந்த தாள் கன்னங்கரேல் என்றிருந்தது. கரியோடு பொட்டாசியமும் எகிறியிருந்தது. பஸ் புகையில் அது அவ்வளவு வராது. விறகு, சருகு, கொட்டாங்கச்சி எரிந்தால்தான் வரும். யார் குப்பை கொளுத்தியது என்று தெருவெல்லாம் விசாரித்தாய். நான்தான் கேட்டேன், "மெஷினுக்குப் பூசை போட்டியா?"

"போடாம? சந்தனம் வச்சு, கொட்டாங்கச்சி நெருப்புல சாம்பிராணி போட்டு, நல்லா சுத்திக் காட்டினேன்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"செவ்வா வெள்ளி தலைக்கு ஊத்திட்டு, பாப்பா முடிக்கு இதே புகைதான்டி போடறேன். கதவைச் சாத்திட்டு. சளி பிடிக்கக் கூடாதுன்னு."

அன்றே உன் வீட்டுச் சாம்பிராணித் தட்டு பரணில் ஏறியது. இளைப்பு அடியோடு போகவில்லை. சாலையும் தன் பங்கைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் பிள்ளை நன்றாகத் தூங்க ஆரம்பித்தாள். வீட்டை விற்கும் பேச்சும் நின்றது. "பஸ்ஸைத் திட்டறது சுலபமா இருந்துச்சுடி" என்று பிறகொரு நாள் சொன்னாய்.

நீ இப்படித் திடுதிப்பென்று போவாய் என்று யார் நினைத்தோம்! காரியத்தன்று உன் படத்துக்கு முன்னால் ஊதுபத்தியைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தி வைத்திருந்தார்கள். உன் மகள் ஓரமாக நின்று இருமிக்கொண்டிருந்தாள். காலேஜ் படிக்கிறவள்தான், ஆனால் பெரியவர்கள் எதிரில் வாய் திறக்கத் தயக்கம். என் காதோரம் வந்து கேட்டாள், "ஆன்ட்டி, இதை எடுத்துட்டா அம்மாவுக்கு மரியாதை இல்லாத மாதிரி ஆயிடுமா?"

நான் ஊதுபத்திகளை அப்படியே கொண்டுபோய் வாசல் மண்ணில் செருகிவிட்டு வந்து ஜன்னல்களைத் திறந்தேன். உன் நாத்தனார் முறைத்தார். "அவ இருந்திருந்தா இதைத்தான் செஞ்சிருப்பா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

பூசை முடிந்ததும் உன் வீட்டுக்குத்தான் போகிறேன். உன் மகள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, மொட்டைமாடி வெயிலில் நின்று முடியை உலர்த்திக்கொண்டிருப்பாள். மல்லிகை வாங்கி வைத்திருக்கிறேன். பாதி உன் படத்துக்கு, பாதி அவள் தலைக்கு.