நாற்பத்தேழாம் பக்கத்தை நிறைவேற்றக் கோரி

அனுப்புநர்
சன்னல் பொருத்தும் தொழிலாளி,
கதவு எண் 31, தரைத்தளம், மூன்றாம் படிக்கட்டு,
பழைய வாரியக் குடியிருப்பு.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
நகர மறுசீரமைப்புப் பிரிவு,
வீட்டு வசதி வாரியம்.

பொருள்: முதியோர் தனிக்குடியிருப்பில் உள்ள என் தந்தையின் அவசர அழைப்புப் பொத்தானைத் துண்டிக்கும் ஆணையை நிறுத்துதல், அவரையும் 32ஆம் வீட்டாரையும் பழையபடி ஒரே தளத்துக்குத் திரும்ப அழைத்து வருதல் தொடர்பாக.

பார்வை: 1. என்னுடைய முந்தைய மனுக்கள் நான்கு. 2. தங்கள் அலுவலகத்தின் எச்சரிக்கைக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. உங்கள் வாரியம் எங்கள் கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டு, அதில் இருந்தவர்களைக் கலைத்துப் போட்டுவிட்டது. என் அப்பா பேச்சுத் துணைக்கு ஆளில்லாத ஓர் அறையில் எட்டு மாதமாக இருக்கிறார். அந்த அறையில் அவருக்கென்று மிச்சமிருப்பது சுவரில் உள்ள ஒரு சிவப்புப் பொத்தான். வரும் 30ஆம் தேதி அதையும் துண்டிக்கப்போவதாக உங்கள் கடிதம் சொல்கிறது.

2. நான் இந்தத் திட்டத்துக்கு எதிரி அல்ல. உங்கள் ஒப்பந்தக்காரரிடம்தான் வேலை செய்கிறேன். புதுப்பிக்கப்படும் படிக்கட்டுகளின் வீடுகளில் இரட்டைக் கண்ணாடிச் சன்னல்களைப் பொருத்துவது என் வேலை. பழைய மரச்சட்டத்தைப் பெயர்த்து, புதிய பிரேமை மட்டம் பார்த்து நிறுத்தி, ஓரங்களில் சிலிக்கான் அடைத்து, ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஓட்டிப் பார்ப்பேன். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு சன்னல்கள். நல்ல சன்னல்கள். மூடிவிட்டால் தெருவில் லாரி போவதுகூடக் கேட்காது. கட்டடத்தை இடிக்காமல், சுவர்களுக்குப் போர்வை போர்த்தியதுபோல் வெப்பத் தடுப்பு போட்டு, இன்னும் அறுபது வருடம் நிற்க வைப்பது சரியான யோசனை. அதை உங்கள் அதிகாரிகள் ஐரோப்பாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து செய்ததிலும் எனக்கு வருத்தமில்லை. பார்த்துவிட்டு வந்ததில் பாதியைச் செய்யாமல் விட்டதுதான் என் புகார்.

3. எங்கள் தரைத்தளத்தில் மூன்று கதவுகள். 31இல் நானும் அப்பாவும். அவர் தையல் கூடத்தில் துணி வெட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே சொல்: 'அந்தது'. தண்ணீர் வேண்டுமென்றாலும் அந்தது, மூக்குக் கண்ணாடி வேண்டுமென்றாலும் அந்தது. எதிரே 32இல் மகளோடு இருப்பவர், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் அத்தை. எங்களுக்கு ரத்த உறவு இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அத்தை. பக்கத்தில் 33இல் பேருந்து ஓட்டுநரும் அவர் மனைவியும். பேச்சை எந்த இடத்திலும் சட்டென்று நிறுத்திவிடுவார் என்பதால் அவருக்கு எங்கள் படிக்கட்டில் 'பிரேக் மாமா' என்று பெயர்.

4. பகலில் மூன்று கதவுகளும் திறந்தே இருக்கும். அப்பாவுக்கு ஆள் வேண்டுமென்றால் கைத்தடியை வாசலுக்கு வெளியே நீட்டி வைப்பார். காலையில் பிரேக் மாமாவின் மனைவி பார்த்துக்கொள்வார். ஒன்றரை மணிக்கு அத்தை வேலை முடிந்து வந்துவிடுவார். வந்ததும், "எந்ததுண்ணே? சட்டையா, செருப்பா, இல்ல என்னத் திட்டணுமா?" என்று கேட்பார். அப்பா சிரிப்பார். அந்த ஒரு சொல்லை எத்தனை விதமாகச் சொல்கிறார் என்பது அத்தைக்கு மட்டுமே தெரியும். பெற்ற மகன் எனக்கே பாதிதான் புரியும்.

5. இனி என் தவறைச் சொல்கிறேன். மறைப்பதில் பயனில்லை, உங்கள் கோப்பில் என் கையெழுத்தே இருக்கிறது. கணக்கெடுப்புப் படிவம் வந்தபோது பிரேக் மாமா எங்கிருந்தோ ஒரு செய்தி கொண்டு வந்தார். "ஒரே குடும்பம்னு எழுதினா ஒரே வீடுதான்டா தருவாங்க. பிரிச்சு எழுது மாப்ளே. ஆளுக்கொரு வீடு, அப்புறம்..." என்று சொல்லி வழக்கம்போல் நிறுத்திவிட்டார். அப்புறம் என்ன என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் படிக்கட்டில் மொத்தம் பதினைந்து வீடுகள். அவற்றில் பதினொரு வீட்டுப் படிவங்களை நான்தான் நிரப்பினேன். எழுத்து அழகாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள். அப்பாவைத் தனி நபர் என்று எழுதினேன். என்னைத் தனி நபர் என்று எழுதினேன். அத்தையை அவர் மகளிடமிருந்து பிரித்தேன். முப்பது வருடம் ஒரே பாயில் படுத்த பிரேக் மாமாவையும் அவர் மனைவியையும் பிரித்தேன். எழுதி முடித்துவிட்டு எல்லோரும் சிரித்தோம். காகிதத்தில் பிரிந்தால் வீட்டில் பிரிந்ததாகுமா என்ற தைரியம்.

6. ஆகிவிட்டது. கணினிக் குலுக்கலில் அப்பாவுக்குக் கிழக்கு எல்லையில் முதியோர் தனிக்குடியிருப்பு. அத்தைக்கு வடக்கே ஒன்பதாவது மாடி. எனக்கு மேற்கே தொழிலாளர் விடுதி. பிரேக் மாமாவுக்கு ஓர் இடம், அவர் மனைவிக்கு வேறோர் இடம். சாமான் ஏற்றும் நாளில் அந்த அம்மா, "முப்பது வருஷமா உன்ன விட்டுப் போறேன், போறேன்னு சொல்லிட்டிருந்தேன். வாரியம் ஒரே முத்திரையில முடிச்சுக் குடுத்துடுச்சு பாரு" என்றார். வண்டியில் ஏறும்வரை சிரித்தார். ஏறிய பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

7. பொய் எழுதியது என் குற்றம். அதற்கு என்ன தண்டனையோ அதை எனக்குக் கொடுங்கள். ஆனால் உங்கள் படிவத்தில் பத்தொன்பது கேள்விகள் இருந்தன. எத்தனை மின்விசிறி என்று கேட்டீர்கள். குழாயில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது என்று கேட்டீர்கள். எதிர்க்கதவில் இருப்பவர் உங்களுக்கு யார் என்று ஒரு வரி கேட்டிருந்தால், அதில் எனக்குப் பொய் எழுதத் தோன்றியிருக்காது. திருத்தம் கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது கவுண்டரில் இருந்தவர், "நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு இப்ப வந்து அப்பான்னா எப்படி தம்பி? சிஸ்டம்ல அவர் தனி ஆள்" என்றார். அவர் சொன்னது உண்மை. சிஸ்டத்தில் மட்டும் இருந்தவர் இப்போது நிஜத்திலும் தனி ஆள்.

8. அப்பாவின் அறை சுத்தமாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வழுக்காத தரை, சுவரில் கைப்பிடி. கதவு மட்டும் தானாக மூடிக்கொள்ளும் கதவு. தீ பரவாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்களாம். முதல் வாரம் அப்பா பழைய வழக்கப்படி கைத்தடியை வெளியே நீட்டி வைத்திருக்கிறார். கதவு அதை உள்ளே தள்ளியிருக்கிறது. மறுபடி வைத்திருக்கிறார். கதவின் அடிப்பக்கம் தடி உரசிய கோடுகளை நானே பார்த்தேன். எண்ணவில்லை. பார்வையாளர் நேரம் மாலை ஆறு வரை. எனக்கு வேலை முடிவது ஐந்து மணிக்கு. இரண்டு பேருந்து மாறிப் போக ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். ஆகவே ஞாயிறு மட்டும் போகிறேன். தனி நபர் குடியிருப்பு என்பதால் உடன் தங்க அனுமதி இல்லை.

9. தடியால் ஆகவில்லை என்று தெரிந்தபின் அப்பா சிவப்புப் பொத்தானைக் கண்டுபிடித்தார். அமுக்கினால் சுவரில் உள்ள ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வரும். என்ன பிரச்சினை என்று கேட்கும். அப்பா 'அந்தது' என்பார். அந்தப் பெண் பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, பதில் இல்லாததால் ஆள் அனுப்புவார். ஆள் வந்து பார்த்தால் அப்பா நாற்காலியில் நலமாக உட்கார்ந்திருப்பார். ஒரு மாதத்தில் நாற்பத்து மூன்று முறை. "தேவையற்ற அழைப்புகள்" என்று உங்கள் கடிதம் அவற்றைக் குறிப்பிடுகிறது. அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் அம்மா நல்லவர். அவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வலின்னு அமுக்கல தம்பி. அமுக்கிட்டு, காதை ஒலிபெருக்கிகிட்ட வச்சுக்கிட்டு நிக்கிறார். அந்தப் பொண்ணு 'சொல்லுங்க ஐயா, சொல்லுங்க ஐயா'ன்னு ரெண்டு நிமிஷம் பேசுது. அதைக் கேக்கத்தான்."

10. உங்கள் அதிகாரிகள் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் முடித்து எழுதிய அறிக்கையின் பொதுமக்கள் பிரதியை வாங்கினேன். எண்பத்து நான்கு பக்கம். மதிய இடைவேளைகளில் சன்னல் பெட்டிகள் மேல் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் சுவர், செய்துவிட்டீர்கள். முப்பதாம் பக்கத்தில் சன்னல், நானே பொருத்திக்கொண்டிருக்கிறேன். அறுபத்தோராம் பக்கத்தில் மொட்டை மாடிச் செடிகள். வந்துவிட்டன, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்கின்றன. நாற்பத்தேழாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "ஒரு படிக்கட்டில் வசிப்போர் அனைவரும் ஒன்றாகவே அருகிலுள்ள காலிப் படிக்கட்டுக்கு மாற்றப்பட்டு, பணி முடிந்ததும் ஒன்றாகவே திரும்ப அழைத்து வரப்பட்டனர். அண்டைவீட்டார் பட்டியல் முதலில் தயாரிக்கப்பட்டது. சுவர்களின் வேலை அதன் பிறகே தொடங்கியது." உங்கள் துறை எழுதிய வாக்கியங்கள் இவை. இதற்கு இறக்குமதிச் சாமான் எதுவும் தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும்.

11. சென்ற மாதம் அந்த அறிக்கையில் உள்ள ஐரோப்பிய நகரத்திலிருந்தே ஒரு கட்டடக்கலை நிபுணர் முதல் படிக்கட்டைப் பார்வையிட வந்தார். வயதான அம்மா. நான் ஏணியில் நின்று சன்னல் ஓரம் அடைத்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. கதவுகளின் பக்கத்தில் பெயர்ப் பலகை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். முன்பு இருந்தவர்கள் எங்கே என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். உங்கள் அதிகாரி, "வந்துட்டே இருக்காங்க, வந்துட்டே இருக்காங்க" என்றார். முதல் படிக்கட்டின் பதினைந்து குடும்பத்தில் அதுவரை திரும்பி வந்தவை நான்கு. இன்றும் நான்குதான். நான் ஏணியிலிருந்து இறங்கி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அன்று பேசாததற்கும் சேர்த்துத்தான் இந்த மனு.

12. மூன்றாம் படிக்கட்டில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன். விடுதிக்குப் போகுமாறு மூன்று அறிவிப்புகள் வந்துவிட்டன. போகமாட்டேன். கடைசி ஆள் வெளியேறிய நாளில் படிக்கட்டு 'காலி' என்று பதிவாகும் என்பதும், அதன்பின் வீடுகள் பொதுப்பட்டியலுக்குப் போகும் என்பதும், அந்தப் பட்டியலில் எங்கள் பெயர்கள் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கீழே இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். படிக்கட்டு விளக்கை நீக்கிவிட்டீர்கள். தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் வருகிறது. அதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. வேலை முடிந்து வந்து சாவியை மேசையில் வைக்கும் சத்தம் மூன்று வீட்டுக்கும் கேட்கும் அளவுக்கு இருக்கிறது. "வந்துட்டியாடா?" என்று எதிரிலிருந்து குரல் வராது என்று தெரிந்தும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன். சில நாள் சாத்துவதில்லை.

13. சென்ற ஞாயிறு அத்தையை அழைத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். எட்டு மாதத்துக்குப் பின் பார்க்கிறார்கள். அத்தை வாசலிலேயே, "எந்ததுண்ணே?" என்று கேட்டார். அப்பா வாய் திறந்தார். சொல் வரவில்லை. அந்த ஒரு சொல்லும் போய்விட்டது, ஐயா. ஒலிபெருக்கியில் அதன் அர்த்தம் புரிந்தவர்கள் இல்லாததால் விட்டுவிட்டாரோ, என்னவோ. திரும்பும் பேருந்தில் அத்தை முதலில் எனக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கினார். பிறகு, "படிவத்துல என்னை அவருக்குத் தங்கச்சின்னு எழுதியிருக்கலாம்ல? அதுவும் பொய்தானே. அந்தப் பொய்ய ஏன்டா எழுதல?" என்று கேட்டார்.

14. ஆகவே நான் கேட்பது இவ்வளவே. 30ஆம் தேதி அந்தப் பொத்தானைத் துண்டிக்காதீர்கள். அப்பா உண்மையிலேயே கீழே விழும் நாளில் அமுக்க அது ஒன்றுதான் இருக்கிறது. முதல் படிக்கட்டில் பதினொரு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றின் சாவி உங்கள் தளப் பொறியாளரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சன்னல் வேலைக்காகத் தினமும் வாங்கித் தினமும் திருப்பிக் கொடுப்பவன் நான். தரைத்தளத்தில் எதிரெதிரே உள்ள இரண்டு கதவுகளைத் தாருங்கள். ஒன்றில் நானும் அப்பாவும், இன்னொன்றில் அத்தையும் அவர் மகளும் இருப்போம். எனக்கு ஒதுக்கிய விடுதி இடத்தையும், பொய்யால் கிடைத்த மற்ற ஒதுக்கீடுகளையும் திருப்பித் தருகிறோம். அத்தையும் கையெழுத்திட்டிருக்கிறார். பிறகு படிக்கட்டின் மற்ற வீட்டாரையும் நாற்பத்தேழாம் பக்கத்தில் எழுதியபடியே அழையுங்கள். அண்டைவீட்டார் பட்டியல் உங்களிடம் இல்லை என்பதால் நானே தயாரித்து இணைத்திருக்கிறேன். இந்த முறை யாரையும் பிரித்து எழுதவில்லை.

15. முடியாது என்றால் முடியாது என்று எழுத்தில் தாருங்கள். 30ஆம் தேதிக்குள் தாருங்கள்.

இவ்வண்ணம் கேட்கும்,
(கையெழுத்து)
31ஆம் வீட்டான்

(கையெழுத்து)
32ஆம் வீட்டு அத்தை

இடம்: மூன்றாம் படிக்கட்டு
நாள்: மார்ச் 14

இணைப்பு: அறிக்கையின் 47ஆம் பக்க நகல், எச்சரிக்கைக் கடித நகல், பதினைந்து வீட்டாரின் அண்டைவீட்டார் பட்டியல்.

குறிப்பு: பதில் அனுப்ப வசதியாக, என் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றை இதனுடன் வைத்திருக்கிறேன். முந்தைய நான்கு மனுக்களுடனும் வைத்திருந்தேன்.