பாட்டில் அவருக்கு யாருமில்லை

ஒக்டோபர் 4, சனி

காலையிலிருந்து மழை. காற்று பக்கவாட்டில் அடிக்கிறது, குடை எடுத்தும் பயனில்லை. வேலை இல்லாத நாள். கடைக்குப் போக வேண்டும்: பால், உருளைக்கிழங்கு, லீக்ஸ், சவர்க்காரம்.

கடை ரேடியோவில் அந்தக் கன்ட்ரி பாட்டு. ஒரு மாதமாக எங்கே போனாலும் அதுதான். ஒரு கிற்றார், டென்மார்க்கின் யூலாந்துப் பக்கத்துப் பேச்சில் ஒரு தடித்த குரல். மெதுவாகப் பாடுவதால் எனக்குக்கூட டெனிஷ் விளங்கும். இன்றுதான் நின்று கேட்டேன். கதைப் பாட்டு. நவம்பர் மாதம், துறைமுகம், தண்ணீரில் விழுந்துவிட்ட ஓர் இளம்பெண். சூடான நாட்டிலிருந்து வந்த ஒருவன் தூண்டிலோடு நிற்கிறான். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குதிக்கிறான். அவளை ஏணிவரை தள்ளிவிடுகிறான். அவன் ஏறவில்லை.

பால் பெட்டியின் கதவைத் திறந்தபடி நின்றிருக்கிறேன். பின்னால் ஒருவர் இரண்டு தரம் மன்னிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் விலகினேன்.

சப்பாத்து. அது பேப்பரில் வந்தது. இது இவருடைய, என் மனுசனுடைய கதை. இவர் போய்ச் சேர்ந்து, வருகிற மாதத்தோடு மூன்று வருஷம்.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடுகிற வரி: அவனுக்கு வாடகை அறை ஒன்றுதான், அவனுக்காக எங்கும் யாரும் காத்திருக்கவில்லை.

பால் வாங்காமல் வந்துவிட்டேன். தேத்தண்ணி வெறும் சாயம்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் எதுவும் காதில் ஏறவில்லை.

ஓஹூஸ் நகரத்தில் படிக்கிற மகளுக்குப் போன் எடுத்தேன். நிரோஷாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கோடையிலிருந்தே தெரியுமாம். சிநேகிதிகளின் பார்ட்டியில் அந்தப் பாட்டுப் போட்டால் முடியும்வரை கழிவறையில் போய் நிற்பாளாம். அது தன் அப்பா என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல் அவள் டெனிஷில், நான் தமிழில்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் அழுவீர்கள் என்றாள். பிறகு அவளே அழுதாள்.

பாடகனுக்கு எழுதப் போகிறாளாம். வேண்டாம் என்றேன். எழுதுவாள்.

ஒக்டோபர் 9, வியாழன்

நான் சமைக்கிற முதியோர் இல்லத்தில் மத்தியானம் பன்றி வறுவல், பார்ஸ்லி சோஸ். சோஸ் கட்டிபட்டுவிட்டது, வடித்துக் கொடுத்தேன்.

சாப்பாட்டு மண்டபத்தில் இங்கர் அம்மா அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தொண்ணூறை நெருங்குகிறார். நேற்று யார் வந்து பார்த்தார்கள் என்பது நினைவில்லை, பாட்டு மட்டும் நிற்கிறது. தட்டை எடுக்கப் போனபோது என் கையைப் பிடித்து, பாவம் அந்த மனிதன், ஒருவரும் இல்லாமல் போய்விட்டான் என்றார்.

எனக்கு என்ன வந்ததோ. "அவருக்கு ஆட்கள் இருந்தார்கள்," என்றேன்.

"உனக்கு அவனைத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அப்படியென்றால் நல்லது என்று சொல்லிவிட்டு மறுபடி முணுமுணுக்கத் தொடங்கினார்.

குளிர் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

மழை இல்லை. யன்னல் துடைத்தேன். கைபேசியில் பாட்டைப் போட்டு நாலைந்து தரம் கேட்டேன். நல்ல பாட்டு. அதுதான் கோபம். அழவைக்கிற இடத்தில் சரியாக அழவைக்கிறான்.

பாட்டில் இளம்பெண். உண்மையில் எழுபது வயது மனுசி, நாய் இழுத்ததில் வழுக்கி விழுந்தவர். இப்போது மகனோடு வேறு ஊரில். ஒவ்வொரு டிசம்பரும் நத்தாருக்கு வாழ்த்து அட்டை போடுவார்.

பாட்டில் மெலிந்த, பேசாத ஆள். இவரோ வயிறு வைத்த ஆள், வாய் ஓயாது.

பாட்டில் கடலைப் பார்த்து ஊரை நினைக்கிறான். இவர் அங்கே நின்றது வீட்டில் நான் அலுமாரி துப்புரவாக்கிய படியால். காலுக்குள் நிற்காமல் எங்கேயாவது போங்கோ என்று அனுப்பியதே நான்தான்.

அன்றைக்குக் கோழிக்கறி. இவருக்குக் கழுத்துத் துண்டு விருப்பம், தனியாக எடுத்து வைத்திருந்தேன். சோறு போட்டு மூடி வைத்துவிட்டு இரண்டு தரம் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. மீன் கிடைத்த சந்தோஷப் புளுகத்தில் நிற்கிறார் என்று நினைத்தேன். பிறகு மணி அடித்தது. பொலிஸ், ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அந்தப் பெண் எனக்கு முதலே அழுதாள்.

யாரும் காத்திருக்கவில்லையாம்.

ஒக்டோபர் 18, சனி

வெயில், ஆனால் குளிர். நிரோஷா வீட்டில். பாடகர் வந்து போனார்.

அவள் எழுதிய அன்றே பதில் போட்டிருக்கிறார். பெயர் யென்ஸ். பெரிய உடம்பு, கூச்ச சுபாவம். பூட்சைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்தார். ஒரு சொக்ஸில் ஓட்டை, அந்தக் காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே இருந்தார். பற்றீஸ் பொரித்து வைத்தேன். இரண்டு சாப்பிட்டார்.

நிரோஷா அவரை விடவில்லை. விசாரிக்காமல் எப்படி எழுதலாம் என்று கேட்டாள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் சப்பாத்தோடு குதித்தார் என்று மட்டும்தான் பேப்பரில் வாசித்ததாகச் சொன்னார். மிச்சத்தைத் தானே யோசித்து எழுதினாராம். அந்தப் பாட்டு இவ்வளவு தூரம் போகும் என்று தான் நினைக்கவேயில்லை என்றார்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "மனைவி இருப்பது தெரிந்திருந்தால்?"

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "அப்படியென்றால் இந்தப் பாட்டு வந்திருக்காது. உங்களை நினைத்தால் எனக்குப் பாட வராது."

மழுப்பாமல் சொன்னார். அதனால் அவரில் கோபம் குறைந்தது. நிரோஷாவுக்குக் குறையவில்லை.

சுவரில் இருந்த படத்தின் முன் நெடுநேரம் நின்றார். இவரைப் பற்றிக் கேட்டார். சொன்னேன்: பெயர் அன்ரன். மன்னார். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. ஹீற்றரைக் கூட்ட விடமாட்டார், கம்பளி போடுங்கோ என்பார். தூண்டிலில் பிடித்த மீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கடையில் மீன் வாங்குவார். நீச்சல் தெரியும், சின்ன வயதிலிருந்தே. குளிருக்குத்தான் தெரியவில்லை.

போகும்போது, நவம்பர் முதல் சனி இந்த ஊரில் பாடுகிறேன், அந்த வரியை மாற்றிப் பாடுகிறேன் என்றார். வாசலில் கை கொடுத்தவர் விட மறந்து நின்றார்.

ஒக்டோபர் 22, புதன்

குளிர்கால டயர் மாற்றக் கராஜுக்குப் போன் எடுத்தேன். முந்தி இவர் வேலை. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். தோள்மூட்டு நோவு.

யென்ஸ் புது வரியை நிரோஷாவுக்கு அனுப்பியிருக்கிறார். அவள் போனில் வாசித்துக் காட்டினாள்: சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஒருத்தி காத்திருந்தாள். இதை நீங்களா சொன்னீர்கள் என்று கேட்டாள். அவர் வந்த அன்று, அவள் தேத்தண்ணி போடப் போன நேரத்தில் சொன்னது. ஓம் என்றேன்.

நிகழ்ச்சிக்கு எந்தச் சேலை? சேலை வேண்டாம், குளிர்.

நவம்பர் 1, சனி

பனிமூட்டம். பின்னேர நிகழ்ச்சி. நிரோஷா காலை ரயிலில் வந்தாள். கறுப்புக் காற்சட்டை, இவர் வாங்கித் தந்த சால்வை.

மண்டபம் நிறைந்த சனம். என் வயதுக்காரர், தொப்பி போட்ட, வயல் செய்கிற கமக்காரர், பேரப்பிள்ளைகளோடு வந்தவர்கள். எங்களுக்கு மூன்றாம் வரிசை. யென்ஸ் எங்களைக் கண்டு தலை அசைத்தார்.

அந்தப் பாட்டைக் கடைசிக்கு முதல் பாடினார். தொடங்க முன்னர், இது ஒரு மனிதரின் கதை, அவர் பெயர் அன்ரன் என்றார். மைக்கில் இவர் பெயர். நிரோஷா என் கையை இறுக்கினாள். எங்கள் பெயரை அவர் சொல்லவில்லை, நான்தான் வேண்டாம் என்றிருந்தேன்.

சனம் முதல் சொல்லிலிருந்தே கூடப் பாடியது. அந்த வரி வந்தது. அவர் புதியதைப் பாடினார். வாய் அசைவது தெரிந்தது, கேட்கவில்லை. மண்டபம் முழுக்கப் பழையதைப் பாடியது. யாரும் காத்திருக்கவில்லை, யாரும் காத்திருக்கவில்லை. முகமெல்லாம் கண்ணீரோடு, மனதாரப் பாடினார்கள். கெட்ட சனம் இல்லை.

இரண்டாம் தரம் அவர் கையை உயர்த்தினார், நிறுத்தச் சொல்லித்தான். இன்னும் பாடச் சொல்கிறார் என்று நினைத்து அவர்கள் சத்தத்தைக் கூட்டினார்கள். அவர் மைக்கை விட்டு விலகி, கிற்றாரை மட்டும் வாசித்துக்கொண்டு, எங்களைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் இருந்த மனுசி கண் துடைக்க எனக்கு ஒரு ரிஷுத் தாள் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

கடைசிப் பாட்டுக்கு நிற்கவில்லை.

காரில் நிரோஷா பெல்ட் போடாமல் இருந்தாள். பிறகு தமிழில் சொன்னாள். எத்தனை காலத்துக்குப் பிறகு தமிழில்.

"அம்மா, அப்பான்ரை குரல் எனக்கு வருதில்லை. நினைச்சா அந்தப் பாடுற ஆளின்ரை குரல்தான் வருது."

கார்த் திறப்பைப் போட்டேன். முன் கண்ணாடியில் பனிப்புகார். இவர் சொல்கிற மாதிரியே, மூக்கால், கொஞ்சம் அவசரமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"இஞ்சரும், என்ரை கண்ணாடியை எங்கை வைச்சனீர்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றாள்.

சொன்னேன்.