நெல்லில் எழுதிய மஹர்

மச்சான்,

நான் அன்றைக்கே சொன்னேன். வரி குறையும் என்றேன். குறையாது என்றும் சொன்னேன். நோட்டுக்குப் பின்னால் பொன் வரும் என்றேன். வராது என்றும் சொன்னேன். ஆக, நடந்ததெல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். கல்முனை பஸாரில் வேறு எவனுக்கு இந்த மூளை இருந்தது, சொல்லு பார்ப்போம்.

இன்றைக்கும் பேப்பர் கருவாட்டு மணத்தோடுதான் வந்தது. மட்டக்களப்பு பஸ்ஸின் கூரையில் கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே கிடந்து வருகிற கட்டு அல்லவா? பிரித்தால் நடுப்பக்கத்தில் அதே பழைய சங்கதி. பாராளுமன்றத்தில் யாரோ ஓர் உறுப்பினர் மறுபடியும் பிரேரணை கொண்டுவந்திருக்கிறார். இறக்குமதி வரியைக் குறைக்க வேண்டுமாம். அரசாங்கம் அச்சடிக்கும் ஒவ்வொரு நோட்டுக்கும் ஈடாகக் கஜானாவில் பொன் இருக்க வேண்டுமாம். வாசித்துவிட்டு, பழக்கதோஷத்தில், "கேட்டியா மச்சான்" என்று தெருப்பக்கம் திரும்பினேன். உன் சைக்கிள் சாய்ந்து நிற்கும் தூணடியில் ஓர் ஆடு நின்றது. அதுவும் என்னை மதிக்கவில்லை.

முதன்முதல் இந்தச் செய்தி வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கால் ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது. பஸ் மருதமுனையில் உன் தறிக்கொட்டிலைத் தாண்டித்தான் என் கடைக்கு வரும். அதன் புழுதியைத் தலையில் வாங்கிக்கொண்டு பின்னாலேயே நீ சைக்கிளில் வந்து சேர்வாய். உனக்குக் கண் மங்கல். சின்ன எழுத்துப் பிடிபடாது. "வாசி மச்சான், கெதியா வாசி" என்பாய். நான் ஐந்தாம் வகுப்பைப் பார்த்தவன். வாசலில் நின்று பார்த்தவன் என்று நீ திருத்துவாய்.

பிரேரணையின் முதல் பாதியை நீ பிடித்துக்கொண்டாய். வரி இறங்கினால் நூல் மலியும், தறிகள் சும்மா கிடக்காது. இரண்டாம் பாதி எனக்கு. கடையில் கிடந்த நோட்டொன்றை வெயிலில் தூக்கிப் பிடித்து, "பாரு, பின்னால பொன் இரிக்கா? வெறும் கடதாசி மச்சான்" என்றேன். காரைதீவில் கார் நின்றுபோன மந்திரியொருவருக்கு நான் இளநீர் வெட்டிக் கொடுத்ததும், அவர் என் காதில் இதே இரகசியத்தைச் சொன்னதும் உனக்குத் தெரியும். அவர் மந்திரி அல்ல, நில அளவைக்காரர் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். காரில் வந்தாரா இல்லையா?

அந்த நேரம் பார்த்து உன் மகள் ஸபியாவின் கலியாணம். மாப்பிள்ளை சம்மாந்துறை, வயலும் மாடுமாக வாழ்ந்த குடும்பம். கலியாணப் பதிவான கடுத்தம் எழுதும்போது, மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரை வழக்கம்போல ரூபாயில் எழுதுவதாகப் பேச்சு. நான் விடவில்லை.

"ரூவாயில எழுதாத மச்சான். நாளைக்கு அந்தக் காசுக்கு ஒரு முழச் சாரன் துணியும் வராது. பவுனில கேளு."

நீ கேட்டாய். சம்மந்திக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன், எங்கட நோட்டுச் செல்லாதா? ஊரெல்லாம் ரூவாயிலதானே எழுதுற?"

அதற்கு நீ சொன்ன பதிலை இந்தக் கரையில் வேறு எந்த வாப்பாவும் சொல்லியிருக்க மாட்டான். "கோவிக்காதீங்க சம்மந்தி. பார்லிமெண்டில பொன் சட்டம் வாறமட்டும் பொறுப்பம். வந்திட்டா ரூவாயிலயே எழுதலாம்."

இப்படியாக ஸபியாவின் கலியாணம் கொழும்புக்கு, பாராளுமன்றத்துக்கே போய்விட்டது. நாள்தோறும் நீ பஸ்ஸுக்குப் பின்னால் வருவாய். நாள்தோறும் நான் வாசிப்பேன்: விவாதம் ஒத்திவைக்கப்பட்டது. சும்மா ஒத்திவைத்ததை எப்படிச் சொல்வது? "இரண்டு பேர் சட்டையைப் பிடிச்சிட்டாங்களாம்" என்று ஒன்று சேர்ப்பேன். நீ நகத்தைக் கடிப்பாய். சம்மாந்துறையார் நிந்தவூரில் வேறு பெண் பார்க்கிறார்கள் என்று கதை வந்தது. நீ சோற்றில் கை வைத்துவிட்டு எழும்பிப் போகிறாயென்று உன் மனைவி ஆளனுப்பினாள். "அந்த மனிசன்ட வாய்க்கு ஒரு பூட்டுப் போடச் சொல்லுங்க" என்பது அவள் சொல்லிவிட்ட ஸலாம்.

கடைசியில் சம்மந்தி கடுத்தம் எழுதும் லெவ்வையையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கே வந்துவிட்டார். "இண்டைக்கு ஒரு முடிவு. இல்லாட்டி நாங்க எங்கட வழியில போறம்." நீ என்னைப் பார்த்தாய். நான் கூரையைப் பார்த்தேன். யோசித்தேன் என்று வைத்துக்கொள்.

நீ எழும்பி, திரைச்சீலைக்குப் பக்கத்தில் போய் நின்றாய். உள்ளே இருந்தவளைக் கேட்டாய். "மகள், மஹர் ஒன்ட உரித்து. ரூவாயா, பவுனா? நீயே சொல்லு."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்.

"நெல்லில எழுதுங்க வாப்பா. அவங்கட்ட இரிக்கிறது அதுதானே. பார்லிமெண்ட ஒத்திவெச்சாலும் வயல் வெளையும். ஆனா அந்த மாமாவ மட்டும் அளக்க விட்றாதீங்க. ஒரு மூடைய ஒம்பதாக்கிப் போடுவாரு."

சம்மந்தி தொடையில் தட்டிச் சிரித்தார். "இந்தப் புள்ளய விட்டா என்ட மகனுக்கு வேற புள்ள இல்ல. எழுதுங்க லெவ்வை. நல்ல சம்பா நெல்லு எண்டே எழுதுங்க!" நீ சுவரோடு சாய்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாய். வேர்வை துடைத்ததாகப் பிறகு சொன்னாய். நெல் யோசனையை அவளுக்கு முதல்நாளே நான் சொல்லிக்கொடுத்தேன் என்று பஸாரில் ஒரு பேச்சு உண்டு. யார் கிளப்பினார்களோ தெரியாது.

பிரேரணை என்ன ஆயிற்று? ஒத்திவைத்து ஒத்திவைத்து, பேசுவாரில்லாமல் போயிற்று. வரி நின்ற இடத்தில் நின்றது. நோட்டும் பொன்னில்லாமலே புழங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு நீ என்னைக் காணும்போதெல்லாம், "ஒன்ட பேச்சக் கேட்டு மகள்ட கலியாணத்தைக் கப்பலேத்தப் பாத்தேனே" என்பாய். ஆனால் மறுநாளும் பஸ்ஸுக்குப் பின்னால் வருவாய்.

நீ மௌத்தாகி மண்ணுக்குள் போனபிறகு நான் பேப்பரை மனசுக்குள் வாசித்துப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு பந்தி வாசித்து முடிப்பதற்குள் எழும்பி நடக்கிறேன், திரும்ப உட்காருகிறேன், எது சேர்த்தது எது அச்சில் உள்ளது என்று எனக்கே பிடிபடவில்லை. ஆகவே உனக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தமாகத்தான் வாசிக்கிறேன். எண்ணெய் வாங்க வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

அவர்களுக்கு நான் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். கடைசி நாளில் நீ என் கையைப் பிடித்து, "மச்சான், நீ சொன்னதெல்லாம் பலிச்சிட்டு" என்று சொன்னதாக. ஜனாஸா வீட்டிலேயே சொன்னேன். ஸபியாவிடமும் சொன்னேன். அவள் எனக்குச் சோறு போட்டாள். அந்தச் சம்பா நெல்லுச் சோறுதான்.

மந்திரி வந்தது உண்மை. மற்றதெல்லாம் உண்மை. இது ஒன்றுதான் நான் கட்டியது. என் கையை நீ பிடித்தாய், ஓம். ஆனால் அப்படி நீ சொல்லவில்லை. கண்ணைத் திறக்காமலே, "பஸ் வந்திட்டா மச்சான்?" என்று மட்டும்தான் கேட்டாய்.