அப்பாவின் காரைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இரண்டு பேருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துத் தொண்டை கட்டிவிட்டது. அதே தொண்டையோடு மாலையில் நகர மன்றக் கூட்டம். என்னைச் சாலைக் குழுவில் போட்டுவிட்டார்கள்! இத்தனை வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளை வேறு எதில் போடுவார்கள், பூங்காக் குழுவிலா?

கூட்டம் முடிந்ததும் மன்றத்தின் இன்ஜினியரைப் படிக்கட்டிலேயே மடக்கிவிட்டேன். சாப்பாட்டுப் பையும் கையுமாகக் கிளம்பிய மனிதர், பாவம். கவுன்சிலர்கள் எங்களால் என்னென்ன முடியும், சொல்லுங்கள் என்றேன். வேக வரம்பு நம் கையில் இல்லையாம், அது மேலிடம். சிக்னல் வைப்பதென்றால் போலீஸைக் கேட்க வேண்டும். அபராதம் எவ்வளவு என்பதுகூட நாம் சொல்ல முடியாது. எனக்கு முகம் தொங்கிவிட்டது. பிறகுதான் சொன்னார்: வண்டியை எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது, எந்தத் தெரு ஒருவழி, இதெல்லாம் மன்றத்தின் அதிகாரம். ஒரு தெருவை ஒரு மாதம் சோதனையாக மாற்றிப் பார்க்கலாம். பிடித்தால் வாக்கெடுத்து நிரந்தரமாக்கலாம், இல்லாவிட்டால் அழித்துவிடலாம்.

கோடு போடும் அதிகாரம்! வீட்டுக்கு வந்து குதிக்காத குறை. "முதல்ல நம்ம அலமாரில உன் பக்கம் எது, என் பக்கம் எதுன்னு ஒரு கோடு போடு"ன்னார் என் வீட்டுக்காரர். பொறாமை.

மார்ச் 5, வியாழன்

எந்தத் தெரு என்று யோசிக்கவே வேண்டாம். பள்ளிக்கூடத் தெருதான். இரண்டு பக்கமும் பம்பரோடு பம்பர் ஒட்டிக் கார்கள். பிள்ளைகளுக்கு நடுரோடுதான் நடைபாதை. போன வருஷம் ஒரு சின்னப்பெண்ணின் காலில் வேன் சக்கரம் ஏறியது. இன்னும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள். அவள் அம்மா, ஒரு நர்ஸ், அப்போது என்னிடம்தான் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். நன்றாக வரும் கை. அதோடு விட்டுவிட்டாள். ஸ்டீரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறது என்று சொல்லி அனுப்பினாள்.

நான் தேர்தலில் நின்றதே அதற்காகத்தான். பள்ளி இருக்கும் பக்கம் ஒரு வண்டிகூட நிற்கக் கூடாது. அவ்வளவுதான் நான் கேட்பது.

மார்ச் 11, புதன்

ஜெயித்தாச்சு! மன்றத்தில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம், ஆனால் ஜெயித்தாச்சு! திங்கட்கிழமை, இங்கே வண்டி நிறுத்தக் கூடாது என்று ஓரமாக மஞ்சள் பெயிண்ட், அன்றிலிருந்து ஒரு மாதம் சோதனை.

எதிர்த்துப் பேசிய கவுன்சிலர் மீசை. பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தோன்றாத அளவுக்கு மீசை. அந்தத் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், வாசலில் வண்டி நிற்காவிட்டால் வியாபாரம் போய்விடும் என்று பயம். கடைசியில் எழுந்து, "கோடு போடுறது சுலபம் மேடம். உங்கப்பா காருக்குக் கீழ போட்டுக் காட்டுங்க பாப்போம்" என்றார். மொத்த மன்றமும் சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஏனென்றால் என் அப்பா அம்மா வீடும் அதே தெரு. பள்ளிக்குப் பக்கத்து வீடு. வாசலில் அப்பாவின் நீலக் கார். பேட்டரி செத்து எந்தக் காலமோ ஆகிறது. தினமும் காலையில் அதற்குள் போய் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். "அதுல ஒரு அடுப்பு மட்டும் இருந்திருந்தா மனுஷன் வீட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டார்" என்பாள் அம்மா. நான் ஓட்டப் பழகியது அந்தக் காரில்தான். கியர் போடுமுன் கண்ணாடியைப் பார், திரும்புமுன் கண்ணாடியைப் பார் என்று உயிரை எடுப்பார். இன்றைக்கு என்னிடம் வருகிறவர்களின் உயிரை அதே வாக்கியத்தால் நான் எடுக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

அப்பாவிடம் சொன்னேன். திங்களன்று பெயிண்ட் அடிக்க வருவார்கள், காரைத் தள்ளி உள்ளே விட்டுவிடலாம் என்று. "ம்" என்றார். சம்மதம்!

மார்ச் 16, திங்கள்

அது சம்மதம் இல்லை. அது வெறும் "ம்".

பயிற்சி முடித்துப் பதினோரு மணிக்கு ஓடுகிறேன் — தெரு முழுக்கப் பளபளவென்று மஞ்சள் கோடு, பார்க்கப் பார்க்க ஆனந்தம் — அப்படியே அளவெடுத்தாற்போல் நேராக வருகிறது — அப்பா வீட்டு வாசலில் மட்டும் வளைந்து, காரைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் மறுபடியும் நேராகப் போகிறது. காருக்குள் அப்பா. கையில் பேப்பர். கண்ணாடியைக்கூட ஏற்றிவிடவில்லை.

மேஸ்திரியைப் பிடித்துக் கத்தினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "பெரியவர் இறங்க மாட்டேன்னுட்டார். கோடு போடத்தான் எங்களுக்கு ஆர்டர், ஆளத் தூக்க இல்ல. வாடகை மிஷின் வேற, நிறுத்தவும் முடியாது." அவர் சொல்வதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. அதுதான் எரிச்சல்.

மார்ச் 17, செவ்வாய்

யாரோ மாடியிலிருந்து போட்டோ எடுத்துவிட்டார்கள். ஊர் முழுக்க என் கோடுதான். "கவுன்சிலர் வீட்டுக்கு வந்தா சட்டமும் வளையும்." மானம் கப்பலேறிவிட்டது.

மார்ச் 18, புதன்

இன்ஜினியர் இன்னொரு குண்டைப் போட்டார். கோடு இருக்கும் இடத்தில்தான் தடை. வளைந்த இடத்துக்குள் தடை இல்லை. ஆக, அந்தப் பக்கம் முழுவதிலும் சட்டப்படி வண்டி நிறுத்தக்கூடிய ஒரே இடம் அப்பாவுடையது! அழுவதா சிரிப்பதா?

ஆனால் ஓடாத வண்டியை ரோட்டில் போட்டு வைத்திருந்தால் மன்றம் எடுக்கலாம். கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டி ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். சொல்லிவிட்டு மனிதர் குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பா வண்டி... வேணும்னா இந்த ஒரு மாசம் கண்டுக்காம விட்டுடலாம் மேடம்."

விட்டுவிடலாம். மாதம் முடியும்போது மீசை அந்தப் போட்டோவை நீட்டுவார், கோட்டை அழிப்பார்கள், பம்பரோடு பம்பர் திரும்பி வரும். அந்தச் சின்னப்பெண் நடுரோட்டில் தாங்கித் தாங்கி நடப்பாள்.

ஒட்டுங்கள் என்றேன்.

மார்ச் 19, வியாழன்

ஒட்டிவிட்டார்கள். அப்பா உள்ளே இருக்கும்போதே. நோட்டீஸுக்குப் பின்னால் உட்கார்ந்து பேப்பரைப் படித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினாராம். அம்மா போனில் சொன்னாள். "நீ வந்து உன் கையால ஒட்டிருந்தாக்கூட இவ்வளவு கோவம் வந்திருக்காதுடி. ஆள் விட்டு ஒட்டுனே பாரு, அதான்." சாயங்காலம் போனேன். அப்பா என்னைப் பார்த்ததும் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

நான் என்ன பண்ணட்டும்? பெத்த அப்பன்னு ஊருக்கு ஒரு சட்டம் வீட்டுக்கு ஒரு சட்டம் வைக்கவா? அவருக்குத் தெரியாதா இது? தெரியும். தெரிஞ்சுதான் டிவியைக் கூட்டுறார்.

மார்ச் 23, திங்கள்

இன்று அப்பாவை மறந்துவிட்டு எழுதுகிறேன், ஏனென்றால் கோடு வேலை செய்கிறது! காலை மணி அடிக்கும் நேரத்தில் போய் நின்றேன். அந்த ஒரு நீலக் காரைத் தவிர அந்தப் பக்கம் முழுக்கக் காலி. பிள்ளைகள் ஓரமாக, கைகோர்த்து, ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கொண்டு போகிறார்கள். இரண்டு பையன்கள் மஞ்சள் கோட்டின் மேலேயே கழைக்கூத்தாடி மாதிரி நடந்தார்கள். வண்டி நிறுத்த வந்த ஒருவர் கோட்டைப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். கையசைத்தேன். நல்ல ஜாலி.

மார்ச் 26, வியாழன்

நோட்டீஸ் கெடு முடிந்தது. பயந்து பயந்து போனேன். கார் இல்லை! மன்றத்து வண்டி வந்து தூக்கிவிட்டதா என்று இன்ஜினியருக்கு போன் போட்டால், நாங்கள் அனுப்பவே இல்லை என்கிறார்.

அம்மாதான் விஷயத்தைச் சொன்னாள். நேற்றுக் காலை அப்பா காரில் இருந்திருக்கிறார். எதிர்ப்பக்கம் போக ஒரு பையன் அப்பா காருக்கு முன்னாலிருந்து ரோட்டில் இறங்கியிருக்கிறான். அதே நேரம் பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியவே இல்லை, நடுவில் கார் மறைக்கிறது. ஸ்கூட்டர்காரன் பிரேக் அடித்துக் கீழே விழுந்தான். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பையனை நேர் எதிரே, ஸ்கூட்டரைக் கண்ணாடியில், இரண்டு பேரையும் அப்பா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஹாரன் அடித்தாராம். பேட்டரி ஏது, அது எப்படி அடிக்கும்?

இறங்கி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாராம். "நான்தான் மறைச்சுக்கிட்டு நின்னிருக்கேன்" என்று மட்டும் சொன்னாராம். மத்தியானமே பழைய வண்டி வாங்குகிறவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார்.

நான் போனபோது சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னிடம் பேசவில்லை. ஆனால் டிவி போடவில்லை.

ஏப்ரல் 15, புதன்

நிரந்தரம்! நிரந்தரம்! நிரந்தரம்!

ஓட்டெடுப்பில் மீசையும் கை தூக்கினார். பிள்ளைகளோடு நடந்து வரும் தாய்மார்கள் அப்படியே கடைக்குள்ளும் நுழைகிறார்களாம், பிளாஸ்டிக் வாளி நன்றாகப் போகிறதாம். அப்பா காரை வைத்துக் கிண்டலை ஆரம்பித்தவரும் அவரே, கோடு வளைந்த இடத்துக்கு வழி சொன்னவரும் அவரே. பிள்ளைகள் எப்படியும் அங்கேதான் கடக்கிறார்கள், கோட்டை நேராக்கி அங்கே ரோட்டைக் கடக்க ஜீப்ரா வரிக்கோடு போட்டுவிடலாம் என்றார். மீசையைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

நர்ஸ் போன் செய்தாள். மறுபடியும் பழக வரலாமா என்று கேட்டாள். வா, நாளைக்கே வா.

ஏப்ரல் 28, செவ்வாய்

இன்று நர்ஸே பள்ளிக்கூடத் தெரு வழியாகப் போகலாம் என்றாள். நான் சொல்லவில்லை, அவளேதான். இரண்டாவது கியரில், கோடு பிடித்தாற்போல் ஓட்டினாள். கை நடுங்கவில்லை.

வரிக்கோட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தின் 'நில்' பலகையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். மஞ்சள் மேல்சட்டை. தலையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அப்பா! அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லையே! பலகையை நீட்டி எங்கள் வண்டியை நிறுத்தினார். நர்ஸ் ஒழுங்காகத்தான் பிரேக் போட்டாள். நான்தான் பதற்றத்தில், பயிற்சி வண்டியில் என் பக்கம் இருக்கும் பிரேக்கையும் சேர்த்து மிதித்துவிட்டேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது, எஞ்சினும் அணைந்தது.

பிள்ளைகள் எல்லாம் கடந்து முடிந்தார்கள். அப்பா மெதுவாக என் ஜன்னல் பக்கம் வந்தார். ஒரு மாதத்துக்கும் மேல் ஆகிறது அவர் என்னிடம் பேசி.

"கண்ணாடியப் பாத்தியா? பின்னாடி எத்தன வண்டி நிக்குது பாரு."

பார்த்தேன் அப்பா என்றேன். கண் கலங்கியிருந்ததில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. நர்ஸ்தான் சாவியைத் திருப்பி வண்டியை எடுத்தாள்.